ஒரு சடுகுடு வீரர் ஓய்வுபெற்ற விதம்

பூனாகலை மலையிலிருந்து கீழே இறங்கும் குறுக்குப் பாதையில், ஓடையைத் தாண்டியதும் வீரர் மறுபடியும் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"டேய், கொஞ்சம் நில்லுடா. முட்டி பேச்சக் கேக்க மாட்டேங்குது."

நான் நின்றேன். என் தலைமேல் இரண்டு மூட்டைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. அதில் ஒரு கம்பளியும் ஒரு வேட்டியும் தகரக் குவளையும் கிடந்தன. மற்றது அவருடையது. அவர் வாழ்நாளில் ஜெயித்த பித்தளைச் சாமான் அத்தனையும் அதில் இருந்தது. குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம், இன்னொரு செம்பு. நான் காலெடுத்து வைக்கும்போதெல்லாம் அவை உள்ளே மோதிக்கொண்டன. கழுத்தில் மணி கட்டிய மாடு இறங்கி வருவதாக நினைத்து, கீழே புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அட்டை ஏறியிருக்கு, எடு" என்று வீரர் காலை நீட்டினார். நான் குனிந்து எடுத்தேன். அவர் காலிலிருந்து அட்டை எடுப்பது நெடுநாளாக என் வேலை. அந்த வேலை அன்று காலையிலேயே போய்விட்டது என்பது என் கைகளுக்கு இன்னும் எட்டவில்லை.

அவர் யார் என்று சொல்லிவிடுகிறேன். பண்டாரவளையிலிருந்து கொஸ்லாந்தை வரை எந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் போய்ச் 'சடுகுடு' என்று சொன்னாலும் அந்தக் காலத்தில் அவரைத்தான் நினைப்பார்கள். ஒரு தோட்டத்துப் பெரிய கங்காணி அவரை மதுரைப் பக்கத்திலிருந்து கொண்டுவந்திருந்தார். சில பெரிய கங்காணிகள் குதிரை வைத்திருப்பார்கள், சிலர் சண்டைச் சேவல் வைத்திருப்பார்கள். இவர் ஒரு சடுகுடுக்காரனை வைத்திருந்தார். ஒவ்வொரு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் பக்கத்துத் தோட்டத்தோடு சடுகுடு நடக்கும். அதில் ஜெயித்துவிட்டு, நீலத் தலைப்பாகையோடு தோளில் தூக்கிக்கொண்டு வரப்படுவதுதான் அவருடைய தொழில். வேறு தொழில் அவருக்குக் கிடையாது.

வாலிபத்தில் அவர் உண்மையாகவே பெரிய ஆட்டக்காரர் என்று சொன்னார்கள். எல்லைக் கோட்டைத் தாண்டிப் பாடிப் போனால் ஒரே மூச்சில் நாலைந்து பேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவாராம். நான் அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்த காலத்தில் அவருக்கு வயிறு வந்துவிட்டிருந்தது.

காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் எல்லாரும் பனியில் நின்றுகொண்டிருக்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். வீரரின் பேர் வந்ததும் லயத்துக் காம்பராவின் உள்ளேயிருந்து "இருக்கேன்" என்று ஒரு குரல் வரும். பிறகு குறட்டை வரும். சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது, ஒவ்வொரு பெண்ணும் தன் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி ஓரத்தில் இருக்கும் ஒரு கூடையில் போட வேண்டும். அது அவருடைய கூடை. அந்தத் தோட்டத்திலேயே அதிகம் கொழுந்து பறித்தவர் அவர்தான். தேயிலைச் செடியைக் கடைசியாக எப்போது தொட்டார் என்று அவருக்கே நினைவில்லை. பெண்கள் அதற்கு வீரர் வரி என்று பேர் வைத்திருந்தார்கள்.

நான் அங்கே வந்து சேர்ந்தது நடந்துதான். பாதிரிமார் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை இருந்தேன். பிறகு பள்ளி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் போய்விட்டோம். பதுளையில் ஒரு துணிக்கடையில் மூட்டை தூக்கினேன். காய்ச்சல் வந்தது, கடைக்காரர் என்னைப் பின்வாசலில் படுக்க வைத்தார். காய்ச்சல் விட்டதும் கிளம்பினேன். இந்தத் தோட்டத்தில் கொஞ்ச நாள் முள்ளுக் குத்தினேன். முள்ளென்றால் மண் கிளறும் இரும்பு முள். உள்ளங்கைத் தோல் முழுதும் உரிந்து, அடியில் வேறு தோல் வருவதற்கு முன்னால் பெரிய கங்காணி என்னைக் கூப்பிட்டு வீரருக்குக் கையாளாகப் போட்டார். நான் ஊருக்குப் புதியவன், ஒன்றைத் தெரிந்துகொண்டால் போய்ச் சொல்ல எனக்கு ஆள் கிடையாது. அதுதான் என் தகுதி.

தெரிந்துகொள்ள ஒன்று இருந்தது. வீரருக்கு மூச்சு போய்விட்டது.

சடுகுடுவில் எதிராளி களத்துக்குள் போனவன் மூச்சை விடாமல் பாடிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் இழுத்தால் ஆட்டம் போயிற்று. வீரருக்கு எதிராளியின் களத்தில் பாதி தூரம் போவதற்குள்ளேயே மூச்சு முட்டிவிடும். அதற்குத்தான் தப்பு மேளம். கோயிலுக்கு அடிக்கும் தப்புக்காரர்கள் களத்தின் ஓரத்திலேயே நிற்பார்கள். மூச்சு முட்டியதும் வீரர் தொடையைத் தட்டுவார். நான் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து உதறுவேன். துண்டைப் பார்த்ததும் தப்பு இடி மாதிரி முழங்கும். அந்த முழக்கத்துக்குள் வீரர் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு, தப்பு அடங்கும்போது எதுவும் நடக்காதவர் போலப் பாடிக்கொண்டிருப்பார்.

தப்புக்காரர்களின் தலைவர் வாய்த்துடுக்கான மனிதர். ஒரு திருவிழா முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தம்பி, ஒரே பாட்டுல இத்தன வாட்டி உதறுற? எங்க தோலு கிழிஞ்சா உங்க வீரரு முதுகுத் தோல உரிச்சுத் தருவாரா?"

"நான் என்னண்ணே செய்றது? அவரு தட்டுறாரு, நான் உதறுறேன்."

"இனிமே அவரக் காம்பராவுலயே படுக்கச் சொல்லு. தப்ப மட்டும் களத்துக்கு அனுப்பி வைப்போம். அதுவே ஜெயிச்சுட்டு வந்துரும்."

எதிர்த் தோட்டத்துக்காரர்களுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் அம்மன் திருவிழாவில் தப்பை அடிக்காதே என்று யார் போய்ச் சொல்வது? அப்படிச் சொன்னவன் வீட்டில் மறுநாள் அம்மை போட்டால் என்ன செய்வது? அந்தப் பயத்தில்தான் எங்கள் வீரர் கடைசி ஏழெட்டுத் திருவிழாக்களை ஜெயித்தார்.

முட்டியும் வீங்க ஆரம்பித்ததும் ஓய்வு பெற வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. புதிய எண்ணம் என்று சொல்ல முடியாது. நான் வருவதற்கு முன்பே இரண்டு தடவை ஓய்வு பெற்றிருந்தார். இரண்டு தடவையும் மாலை போட்டார்கள், கோயில் முன்னால் அவர் அழுதார், பெரிய கங்காணியும் அழுதார். மறுநாள் காலையில் பெரட்டில் அவர் பேரைக் கூப்பிட்டு ஒரு முள்ளைக் கையில் கொடுத்தார்கள். சடுகுடு ஆடாதவனுக்குத் தோட்டத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது? அன்று மத்தியானமே ஓய்வை வாபஸ் வாங்கிக்கொண்டாராம்.

"ரெண்டு வாட்டி ஏமாந்துட்டேன்டா" என்றார் என்னிடம், முட்டிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது. "இந்தத் தடவ கங்காணிக் கம்பு கைக்கு வராம, மாலைக்குக் கழுத்த நீட்ட மாட்டேன். முள்ளத் தொட்டுச் சாகுறதுக்கா நான் இவ்வளவு காலம் பாடுனேன்?"

கொழுந்து மலையில் பெண்களை மேய்க்கும் சில்லறைக் கங்காணி வேலைதான் அவர் கேட்டது. கையில் ஒரு கம்பு, காலில் செருப்பு, நாள் முழுவதும் நின்றுகொண்டு அதட்டினால் போதும். ஆனால் அதற்குத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வாய் திறந்து சொல்ல வேண்டும். எனவே பெரிய கங்காணி ஒரு யோசனை செய்தார். அந்த வருஷத் திருவிழாவுக்குத் துரையையே கூட்டிவந்துவிடுவது. துரையின் கண் முன்னால் வீரர் கடைசி ஆட்டத்தை ஜெயிப்பது. துரை சந்தோஷத்தில் இருக்கும்போதே கம்பைக் கேட்டுவிடுவது. எதிர்த் தோட்டத்துப் பெரிய கங்காணி இவருக்குச் சம்பந்தி. "கடேசி ஆட்டம், உங்க பயலுக யாரும் அவனப் புடிச்சுப்புடப்படாது" என்று இவர் சொல்ல, "தொட்டா விழுந்துருவானுங்க, கவலப்படாதீக" என்று அவர் சொல்லிவிட்டார்.

பிடிக்க மாட்டார்கள். தப்பு இருக்கிறது. தோற்பதற்கு வழியே இல்லை.

திருவிழா அன்று கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குக் கீழே இருந்த வெளியில் தோட்டம் முழுவதும் கூடியிருந்தது. துரைக்கும் துரைசாணிக்கும் வெள்ளைத் துணி விரித்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வீரர் எண்ணெய் மினுமினுக்க நின்றார். பெண்கள் இந்தப் பக்கம், பிள்ளைகள் மரத்தின் மேல். துரை குதிரையில் வந்தார். அவரை வரவேற்க, பெரிய கங்காணி கையைக் காட்ட, தப்புகள் அத்தனையும் ஒரே நேரத்தில் முழங்கின.

குதிரை இரண்டு காலில் எழுந்து நின்றது. குதிரைக்காரன் கடிவாளத்தோடு சேற்றில் இழுபட்டான். துரைசாணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கத்தினாள். துரை ஒருவழியாக இறங்கி, முகம் சிவந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சத்தம் போட்டார்.

"நிப்பாட்டு! எல்லாம் நிப்பாட்டு! ஒரு ஆளு அடிக்கப்படாது! கேக்குதா கங்காணி? நான் இங்கே இருக்குற மட்டும் ஒருத்தன் அடிக்கப்படாது!"

"சரிங்க துரை" என்றார் பெரிய கங்காணி, கை கட்டிக்கொண்டு.

அம்மன் திருவிழாவில் தப்பை யாராலும் நிறுத்த முடியாது என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தோம். குதிரையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

வீரர் என்னைப் பார்த்தார். நான் தப்புத் தலைவரைப் பார்த்தேன். அவர் தப்பைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

ஆட்டத்தைத் தள்ளி வைக்க முடியாது. துரை உட்கார்ந்துவிட்டார். வீரர் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாட ஆரம்பித்தார். "சடுகுடு சடுகுடு சடுகுடு..." அவ்வளவு கூட்டத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. ஸ்டோரில் தண்ணீர் விழும் சத்தம்கூடக் கேட்டது. பாதி களம் போனார். தொடையைத் தட்டினார். பழக்கத்தில் நான் துண்டை உதறினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். நானும் இன்னும் பலமாக உதறினேன். ஈ ஓட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். அவர் முகம் முதலில் சிவந்தது, பிறகு கறுத்தது.

அப்புறம் இழுத்தார். தண்ணீரில் முங்கிக் கிடந்தவன் மேலே வந்ததும் வாயைத் திறந்து இழுப்பானே, அந்த மாதிரி ஒரு சத்தம். மரத்தின் மேல் இருந்த பிள்ளைகள்வரை அது போனது.

யாரும் மூச்சுக் காட்டவில்லை. துரை இருக்கிறார். எதிராளிப் பையன்களுக்கோ பிடிக்கவும் வழியில்லை, விடவும் மனமில்லை, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள். வீரர் விட்ட இடத்திலிருந்து பாட்டைத் தொடர்ந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. பல வருஷமாகக் கை கையாக வரி கட்டிய ஒருத்தியின் குரல்.

"அடியே, வீரருக்கும் மூச்சு இருக்குடி!"

"இருக்காதா பின்ன? நம்ம கூடையில கைய விட்ட மாரி காத்துலயும் கைய விடுறாரு!"

சிரிப்பு இந்தக் கோடியில் கிளம்பி அந்தக் கோடிவரை போனது. வீரர் நிற்கவில்லை. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வேறு யாராவது என்றால் அங்கேயே உட்கார்ந்திருப்பான். அவர் பாடிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் போய் ஒவ்வொருவனையும் தொட்டார். சொன்ன சொல் தவறாமல் ஒவ்வொருவனும் விழுந்தான். ஒருவன் அவர் கை வருவதற்கு முன்பே அவசரப்பட்டு விழுந்துவிட்டான். வீரர் கோட்டைத் தாண்டி வந்து சேர்ந்ததும், மத்தியஸ்தம் பார்த்த கணக்கப்பிள்ளை வானத்தைப் பார்த்துக்கொண்டு கையைத் தூக்கினார். ஜெயம்.

துரைக்குச் சடுகுடு தெரியாது. நடு நடுவே இழுத்த அந்தச் சத்தமும் ஆட்டத்தில் ஒரு வித்தை என்று நினைத்துவிட்டார். கை தட்டினார்.

"நல்ல ஆளு கங்காணி! ரயில் இஞ்சின் மாதிரி சத்தம் போடுது!"

அந்த இடத்திலேயே கம்பு கிடைத்தது. மாலையும் விழுந்தது. வீரர் அழுதார். இந்தத் தடவை பெரிய கங்காணி அழவில்லை.

மறுநாள் பெரட்டில், நான் பார்க்க முதல் தடவையாக, வீரர் களத்தில் வந்து நின்றார். புதுக் கம்பு, புதுச் செருப்பு. நான் பின்னால் குடையோடு நின்றேன். பெண்கள் கூட்டம் ஒன்றைக் கொடுத்து மேல் மலைக்கு அனுப்பினார்கள். மலையேறி முடித்து, மூச்சு அடங்கியதும் வீரர் கம்பைத் தூக்கினார்.

"ம்... நெரையப் புடிங்க!"

எல்லாரும் ஆளுக்கொரு நிரையில் போய் நின்றார்கள். தூரத்து நிரையிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் வந்தது.

"யாருடி அது?"

"மலைக் காத்துங்க ஐயா."

இந்தப் பக்க நிரையில் இன்னொன்று. அவர் திரும்பினார். அந்தப் பக்கம் ஒன்று. "கொழுந்தப் பாத்துக் கிள்ளுங்க" என்று அவர் சொன்னால், "சடுகுடு சடுகுடு" என்று மெல்லப் பாடிக்கொண்டே கிள்ளினார்கள். பாட்டுக்கு நடுவில் ஒருத்தி இழுப்பாள், மற்றவர்கள் கூடையைத் தட்டி முழக்குவார்கள். எங்கள் தந்திரம் முழுவதும் அவர்களுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. எத்தனை திருவிழாக்களாகத் தெரிந்தும் சும்மா இருந்தார்களோ! அவர் ஆடும்வரை பொறுத்துக்கொண்டவர்கள், அதட்ட வந்ததும் பொறுக்கவில்லை.

"ஒங்கள நான் துரைகிட்டச் சொல்றேன்டி!"

"சொல்லுங்கய்யா. போற வழியில மூச்சு முட்டுனா தொடையத் தட்டுங்க. நாங்க கூடையத் தட்டுறோம்."

சாயங்காலம் நிறுவையில் கூடைகள் பாதிதான் இருந்தன. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் அதற்கும் குறைவு. ஓரத்துக் கூடையில் ஒருத்தியும் கை வைக்கவில்லை. மேல் மலையில் கொழுந்து எங்கே போகிறது என்று துரை பெரிய கங்காணியைக் கேட்டார். பெரிய கங்காணி எதை என்று சொல்வார்? வாரம் முடிவதற்குள் ஒருநாள் காலை, நான் கோப்பித் தண்ணீர் போட்டுக்கொண்டிருக்கும்போது எங்கள் காம்பரா வாசலில் வந்து நின்றார். கம்பை வாங்கிக்கொண்டார். தோட்டத்தைவிட்டுப் போகலாம் என்கிற சீட்டை வீரரின் கையில் கொடுத்தார். மற்றவர்கள் வருஷக்கணக்கில் காலில் விழுந்தும் கிடைக்காத சீட்டு அது. இவருக்குக் கேட்காமலே வந்தது.

"கொஞ்ச காலம் வெளியூரு பக்கம் போய் இருந்துட்டு வாடா" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ முள்ள எடுக்கிறியா, இவன் மூட்டைய எடுக்கிறியா?"

"மூட்டைய எடுக்குறேங்க."

எனக்கும் ஒரு சீட்டு கிடைத்தது. இப்படித்தான் ஓடைக்கரையில் அட்டை எடுக்க நேர்ந்தது.

பெரகல சந்திக்கு நாங்கள் வந்து சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. காலையில் குடித்த கோப்பித் தண்ணீருக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. வழியெல்லாம் வீரர் ஒரே பேச்சைத்தான் பேசினார். "முள்ளத் தொட மாட்டேன்டா. பட்டினி கெடப்பேன். முள்ளத் தொட மாட்டேன்." பட்டினி கிடப்பது எப்படி என்று எனக்குத் தெரியும். அவருக்கு அதில் பழக்கம் கிடையாது. எனவே அதிக நாள் தாங்க மாட்டார் என்று நினைத்தேன்.

சந்தியில் ஒரு முஸ்லிம் நானா தேத்தண்ணிக் கடை வைத்திருந்தார். ஹப்புத்தளை ஸ்டேஷனுக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப்போகும் மாட்டு வண்டிகள் இரவு அங்கேதான் அவிழ்த்து நிற்கும். வீரர் பெஞ்சில் உட்கார்ந்ததும் மூட்டையை அவிழ்க்கச் சொல்லி, குத்துவிளக்கை எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ரொட்டி தின்றுகொண்டிருந்த வண்டிக்காரர் ஒருவர் விளக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அண்ணே, நீங்க அந்தச் சடுகுடுக்காரருதானே? துரையோட குதிரைய ஒரே சத்தத்துல மெரள வெச்சீங்களாமே?"

செய்தி எங்களுக்கு முன்பே மலையிறங்கிவிட்டது. வழியில் எங்கேயோ யார் கையிலோ பட்டு, இப்படி ஆகியிருக்கிறது. நான் வீரரின் முகத்தைப் பார்த்தேன்.

"ஆமா" என்றார் வீரர், தாழ்ந்த குரலில். "அது மெரளும்னு நானே நெனைக்கல."

கடைக்கார நானா கேட்காமலே இரண்டு தேத்தண்ணியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார். நானும் தின்றேன். பொய்யால் வந்த ரொட்டிக்கும் அதே ருசிதான்.

"அப்பொறம் ஏன் விட்டுட்டு வந்துட்டீங்க?" என்றார் வண்டிக்காரர்.

"போதும்னு ஓய்வு எடுத்துட்டேன் தம்பி. ஜெயிச்ச கையோட வந்துரணும்."

"ஐயையோ! ஹப்புத்தளைக்கு மேல ஒரு தோட்டத்துல பெரிய கங்காணி சடுகுடுன்னா உசுர விடுறாரு. நல்ல ஆட்டக்காரன் இருந்தா சொல்லுன்னு என்கிட்டயே சொல்லி வெச்சிருக்காரு. ஒரே ஒரு திருவிழா?"

வீரர் விளக்கை வேட்டி நுனியால் துடைத்தார்.

"அங்க தப்பு நல்லா அடிப்பாங்களா?"

"அடேயப்பா! காது கிழிஞ்சு போயிரும்."

"துரைக்கு ஏறிப்போறதுக்குக் குதிரையா?"

"இல்லண்ணே, மோட்டார் கார் வாங்கிட்டாரு."

"அப்ப யோசிக்கலாம்" என்றார் வீரர்.

நாங்கள் வண்டிக்கு அடியில் படுத்தோம். விடியும்போது வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிக்கொண்டிருந்தார். வீரர் ஏற்கனவே தேயிலைப் பெட்டிகளின் மேல் ஏறி, என் கம்பளியை விரித்து, பித்தளை மூட்டையைத் தலைக்கு வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். ஏற்றத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் பின்னால் உருண்டுவிடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்க ஓர் ஆள் வேண்டும். வண்டிக்காரருடைய ஆள் கடைத் தாழ்வாரத்தில் காய்ச்சலில் நடுங்கிக்கொண்டிருந்தான்.

"தம்பி, கட்ட வெக்கத் தெரியுமா?" என்றார் வண்டிக்காரர் என்னிடம்.

"தெரியும்" என்றேன். தெரியாது.

"இவரு எறங்குனா பாரம் கொறையும்ல?"

"அவரு எறங்க மாட்டாரு."

"அதுவும் சரிதான். பெரிய மனுசன்" என்று சொல்லி அவர் கட்டையை என் கையில் கொடுத்தார். முரட்டுக் கட்டை, ஒரு பக்கம் சீவியது, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவதற்கு ஒரு துளை. ரோடு அங்கிருந்தே மேலே ஏறுகிறது. முதல் வளைவிலேயே மாடுகள் நின்றன, வண்டி ஒரு சாண் பின்னால் வந்தது. மேலேயிருந்து, "டேய், பாத்துடா, முட்டி ஆடுது" என்று குரல் வந்தது. நான் குனிந்து சக்கரத்துக்குக் கட்டையை வைத்தேன்.